எட்டாம் வகுப்போடு முடியும் உரிமை

(டிராம்பேயில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்வி கற்றால் வறுமை நீங்கும் என்று ஆட்சியாளர்கள் கூறுகின்றனர். வறுமை நீங்கினால்தான் கல்வி கிட்டும் என்று நம் தரப்பில் பலர் மறுமொழி கூறுகின்றனர். முதல் கூற்று பொறுப்பு முழுவதையும் குழந்தையின் மீதும் பெற்றோரின் மீதும் சுமத்திவிட்டு அரசை விடுவித்துவிடுகிறது. இரண்டாவது கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், சமூக மாற்றம் வரும்வரை இன்றைய குழந்தையைக் காத்திருக்கச் சொல்லும் அபாயமும் அதில் உண்டு. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அவ்வாறு காத்திருக்கக் காலமில்லை. இன்னும் இரண்டே ஆண்டுகளில் அவள் பள்ளியில் நீடிப்பாளா, வேலைக்குச் செல்வாளா என்பது முடிவாகிவிடும்.

ஆகவே, கல்வி முதலா, வறுமை ஒழிப்பு முதலா என்ற விவாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வேறொரு கேள்வியை எழுப்புவோம். ஏழைக் குழந்தை பள்ளியை விட்டு வெளியேறுவது எந்த வயதில்? எந்த வகுப்பில்? அந்த இடத்தில் அரசு என்ன செய்துகொண்டிருக்கிறது? இக்கேள்விக்கு விடை காண டிராம்பேயைவிடப் பொருத்தமான இடம் மும்பையில் இல்லை.

ஒரே மண்ணில் இரண்டு வகைப் பள்ளிகள்

விடுதலை பெற்ற இந்தியாவின் தொழில் வளர்ச்சிக்கு டிராம்பே வழங்கியது ஏராளம். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1956 ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் இங்கேயே அமைந்தன. 1967இல் அணுசக்தி நிறுவனம் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இவற்றைக் கட்டியெழுப்பிய கட்டுமானத் தொழிலாளர்கள், சுமை தூக்குவோர், துப்புரவுத் தொழிலாளர்கள் ஆகியோருள் தமிழர்கள் கணிசமானோர்.

ஆனால், டிராம்பேயை உள்ளடக்கிய எம் கிழக்கு வார்டின் நிலை என்ன? 2009இல் மும்பை மாநகராட்சியே வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையின்படி, நகரின் 24 வார்டுகளிலும் கடைசி இடம் இதற்குத்தான். மேம்பாட்டுக் குறியீடு வெறும் 0.05. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் வார்டு இது. 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்துவரும் தேவ்னார் குப்பைக் கிடங்கும் இங்கேதான் உள்ளது. 2016 ஜனவரியில் அக்கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது, புகையின் காரணமாகச் சுற்றுப்புற மாநகராட்சிப் பள்ளிகள் மூடப்பட்டன. நகரம் வீசியெறிந்த குப்பைக்காக இப்பகுதிக் குழந்தைகள் தங்கள் பள்ளி நாட்களை இழந்தனர்.

இதே பகுதியில்தான் அணுசக்தி நகரும் அமைந்துள்ளது. அங்குள்ள ஊழியர்களின் குழந்தைகளுக்காக அணுசக்தித் துறை 1969இல் ஒரு கல்விச் சங்கத்தை நிறுவியது. அதன் பள்ளிகளிலும் இளநிலைக் கல்லூரியிலும் அக்குழந்தைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயில முடிகிறது. விளையாட்டுத் திடல், ஆய்வுக்கூடம், நூலகம், பயிற்சி பெற்ற ஆசிரியர் என அனைத்தும் பொதுப் பணத்தில் அமைந்தவை. இதை எவரும் குறை கூற வேண்டியதில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது அதுவே. நாம் கவனிக்க வேண்டியது வேறு. தனக்குத் தேவையான மனிதர்களின் பிள்ளைகள் என்றால், நல்ல பள்ளியைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்த இந்த அரசுக்குத் தெரியும், பணமும் உண்டு. அந்த நகரைக் கட்டிய தொழிலாளியின் பேரப்பிள்ளைக்கு மட்டும் இவையெல்லாம் இல்லாமற் போவது ஏன்?

இடிக்கப்பட்ட குடியிருப்பு

சீத்தா கேம்ப் தோன்றிய வரலாற்றை மூத்த தோழர்கள் அறிவர். நகரின் மையப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களை மாநகராட்சியே கொண்டுவந்து குடியமர்த்திய இடம் ஜனதா காலனி. அணுசக்தி மையத்தின் ஊழியர் குடியிருப்புக்காக அந்த நிலம் வேண்டும் என்றனர். பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின், நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்த 1976 மே மாதத்தில், காவல்துறையின் துணையோடு அது தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சீத்தா கேம்ப்பிற்கு மாற்றப்பட்டனர். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது பத்துக்குப் பதினைந்து அடி மனை.

அந்தக் காலனியில் கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் வாழ்ந்தார். தச்சு வேலை செய்து பிழைத்த அவர், தெருவில் திரிந்த குழந்தைகளைத் திரட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். அது நாளடைவில் முறைசாராப் பள்ளியாக வளர்ந்தது. குப்பை அள்ளப்படாமல் காலனி நாறியபோது, அக்குழந்தைகளே ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டினர். பின்னாளில் அவர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை நிறுவினார், 2000இல் மகசேசே விருது பெற்றார், 2018இல் மறைந்தார். அரசு சாரா நிறுவனங்களோடு இணைந்து அவர் பிற்காலத்தில் சென்ற பாதை குறித்து இடதுசாரிகளுக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எனினும் இந்தத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியது உண்டு. பள்ளி இல்லை, குப்பை அள்ளப்படுவதில்லை, வீட்டுக்குப் பட்டா இல்லை என்ற மூன்றும் மக்களுக்கு ஒரே பிரச்சினையின் மூன்று முகங்களாகவே தெரிந்தன. அவற்றைத் தனித்தனி இலாகாக்களாகப் பிரித்தது அரசுதான்.

இடப்பெயர்ச்சி பள்ளிக் கல்வியை எவ்வாறு முறிக்கிறது என்பதற்கு அண்மைக்காலச் சான்று மாகுல். தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலும் பிற திட்டப் பகுதிகளிலும் வீடிழந்தவர்கள் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் உள்ள அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியேற்றப்பட்டனர். காற்று மாசு மிகுந்த அப்பகுதியில் வாழுமாறு மக்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று கூறி, வேறிடத்தில் குடியிருக்க மாதம் 15,000 ரூபாய் வாடகை வழங்குமாறு மும்பை உயர்நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது. பழைய வீட்டருகே பள்ளி இருந்தது. தாயின் வீட்டு வேலையும் அங்கேயே இருந்தது. புதிய இடத்திலிருந்து இரண்டுக்கும் பேருந்துக் கட்டணம் தேவை. அந்தக் கட்டணத்தில் ஒன்றைத்தான் கொடுக்க இயலும் என்றால், தாய் வேலைக்குச் செல்வாள். குழந்தை வீட்டில் இருக்கும். இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று எழுதும் அதிகாரி, இடிப்பு உத்தரவில் கையொப்பமிட்டவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பதினான்கு வயதில் நடப்பது என்ன?

இப்போது மையமான செய்திக்கு வருவோம். குழந்தை பதினான்கு வயதை எட்டும்போது, எட்டாம் வகுப்பை முடிக்கும்போது, நான்கு நிகழ்வுகள் ஒருசேர நடைபெறுகின்றன.

முதலாவது, சட்ட உரிமை முடிகிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கே உத்தரவாதம் அளிக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைக்காத குழந்தை எந்தச் சட்டத்தைக் காட்டியும் வாதாட முடியாது. 2019இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை வரைவு இவ்வுரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. 2020இல் வெளியான இறுதி ஆவணத்தில் அந்த உறுதிமொழி காணப்படவில்லை.

இரண்டாவது, உணவு முடிகிறது. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் வழிவந்த மத்திய அரசுத் திட்டமும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடல் வேகமாக வளரும் வயதில், பசி மிகும் வயதில், தட்டு பறிக்கப்படுகிறது.

மூன்றாவது, மொழி முடிகிறது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. இது போற்றத்தக்க மரபு. ஆனால், மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. அவற்றுள் தமிழ்வழி வகுப்புகள் அரிதினும் அரிது. எட்டாண்டுகள் தமிழில் கணக்கும் அறிவியலும் கற்ற குழந்தை, ஒன்பதாம் வகுப்பில் திடீரென வேறொரு மொழிக்குத் தாவ வேண்டும். அல்லது தொலைவில் இடம் தேட வேண்டும். அல்லது நின்றுவிட வேண்டும்.

நான்காவது, வேலைக்கான கதவு திறக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலானோர் ஆபத்தான தொழில்களில் மட்டுமே ஈடுபடக் கூடாது என்கிறது குழந்தைத் தொழிலாளர் சட்டம். அந்த ஆபத்தான தொழில்களின் பட்டியலும் 2016 திருத்தத்தின்போது சுருக்கப்பட்டது. முன்பு 83 தொழில்களும் செயல்முறைகளும் அட்டவணையில் இருந்தன. அவ்விடத்தில் சுரங்கம், தீப்பற்றக்கூடிய பொருள்களும் வெடிபொருள்களும், தொழிற்சாலைச் சட்டத்தின்படி அபாயகரமான செயல்முறைகள் என்ற மூன்று இனங்களே எஞ்சின.

உரிமை, உணவு, மொழி ஆகிய மூன்று கதவுகள் மூடப்படும் அதே நாளில் பட்டறையின் கதவு திறக்கப்படுகிறது. இதற்குப் பின்னரும், குழந்தை தானாகவே படிப்பை நிறுத்திக்கொண்டது என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். இடைநிற்றல் என்ற சொல்லே குழந்தையைக் குற்றவாளி ஆக்குகிறது. பல குழந்தைகளைப் பொறுத்தவரை உண்மையில் நடப்பது வெளியேற்றம்.

தமிழ்வழிப் பள்ளிகளில் சேர்க்கை குறைகிறது, பெற்றோரே ஆங்கிலத்தை நாடுகிறார்கள் என்ற வாதம் முன்வைக்கப்படுகிறது. எட்டாம் வகுப்போடு முடியும் பாதையில் எந்தப் பெற்றோர் குழந்தையை அனுப்புவர்? மேல்வகுப்பைத் திறக்காமல் வைத்துவிட்டு, சேர்க்கை குறைகிறது என்று கீழ்வகுப்பையும் மூடுவது நேர்மையான நிர்வாகம் அன்று. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவே கூறுகிறது. அதே வேளையில், மராட்டிய மண்ணில் வாழும் தமிழ்க் குழந்தை மராத்தியைப் பிழையறக் கற்க வேண்டும்; ஆங்கிலத்தையும் கற்க வேண்டும். தாய்மொழியில் சிந்திக்கப் பழகிய குழந்தைக்கே இது எளிதாகும். தமிழ்வழி உயர்நிலை வகுப்புக்கான கோரிக்கை எந்த மொழிக்கும் எதிரானது அன்று. உருது, தெலுங்கு, கன்னடம், இந்தி பேசும் உழைப்பாளியின் குழந்தைக்கும் அதே உரிமை உண்டு. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளப்பப்பட்ட வெறுப்பரசியல் மும்பைத் தொழிற்சங்க ஒற்றுமையை எவ்வளவு சேதப்படுத்தியது என்பதைக் கண்டவர்கள் நாம். அதே தவற்றை மறுபக்கத்திலிருந்து செய்யக் கூடாது.

குடும்பத் தொழில் என்னும் திரை

பதினான்கு வயதுக்கு முன்னும் குழந்தை உழைப்பிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடை செய்கிறது என்று விளம்பரப்படுத்தினார்கள். ஆனால், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்று அதே சட்டம் விதிவிலக்கு அளித்தது. குடும்பம் என்ற சொல்லுக்குள் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமின்றி, பெற்றோரின் உடன்பிறந்தோரும் அடக்கம்.

எம் கிழக்கு வார்டில் குடும்பத் தொழில் என்பது என்ன? உருப்படிக் கூலிக்கு வீட்டில் வந்து குவியும் தையல், பொத்தான், மணி கோக்கும் வேலை. குப்பையிலிருந்து பொருள்களைத் தரம் பிரித்தல். ஜரி எனப்படும் சரிகை வேலை. மூலப்பொருள் ஒப்பந்தக்காரருடையது; விலையை நிர்ணயிப்பவரும் அவரே. வாடகை, மின்சாரம், இடம், உழைப்பு ஆகியவை மட்டுமே குடும்பத்தினுடையவை. தொழிற்சாலை வீட்டுக்குள் வந்துவிட்டது; தொழிற்சாலைச் சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. ஓர் உருப்படிக்குச் சில காசுகள் என்ற கூலியில் குடும்பத்தின் வயிறு நிரம்ப வேண்டுமானால் குழந்தையின் விரல்களும் வேலை செய்தாக வேண்டும். மாலையில் வீட்டுப்பாடத்துக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

2005இல் மும்பையின் ஜரிப் பட்டறைகளில் பெரும் சோதனைகள் நடைபெற்றன. மீட்கப்பட்ட சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேற்றிப் பீகாருக்கு அனுப்பப்பட்டனர். சோதனைகள் தேவையே, கொத்தடிமைத்தனத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆனால், ஊருக்குத் திரும்பிய சிறுவனுக்கு அங்கே பள்ளியும் தந்தைக்கு வேலையும் காத்திருக்கவில்லை என்றால், அவனை அனுப்பிய வறுமையே அவனை மீண்டும் அனுப்பும். மீட்பு என்பது ஒரு நாள் நிகழ்வாக முடிந்துவிடக் கூடாது.

தமிழர்களுக்கு இதில் ஒரு வரலாற்று நினைவு உண்டு. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு அதைத் தமிழகம் எதிர்த்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமையாளர்களும் களத்தில் நின்றனர். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று வாசல் வழியே விரட்டப்பட்ட கருத்து, 2016இல் குடும்பத் தொழில் என்ற பெயரில் புழக்கடை வழியே நுழைந்தது. சாதியும் தொழிலும் பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ள நாட்டில், குடும்பத் தொழிலைக் கற்கும் உரிமை என்பதன் நடைமுறைப் பொருள், துப்புரவுத் தொழிலாளியின் மகன் துடைப்பத்தைக் கையில் எடுப்பதேயாகும்.

குழந்தையின் உழைப்பைப் பற்றி எழுதும்போது மார்க்ஸ் பெற்றோரைப் பழிக்கவில்லை. பெற்றோரின் அதிகாரம் தவறாகப் பயன்பட்டதால் சுரண்டல் பிறக்கவில்லை, சுரண்டலே பெற்றோரின் அதிகாரத்தைத் தவறான வழிக்குத் தள்ளியது என்பதே மூலதனத்தில் அவர் வந்தடைந்த முடிவு. தனித்த தொழிலாளியால் தன் குழந்தையைக் காக்க இயலாது. சட்டத்தின் வலிமை வேண்டும். அச்சட்டத்தை இயற்றச் செய்யும் வலிமை தொழிலாளி வர்க்கத்துக்கு வேண்டும். 1866இல் முதலாம் அகிலத்தின் ஜெனீவா மாநாட்டுக்கு அவர் தயாரித்த வழிகாட்டுதலின் சாரமும் இதுவே.

ஏழை நாட்டால் இயலாதா?

நாடு வளம் பெற்ற பின்னரே அனைவருக்கும் கல்வி சாத்தியம் என்ற வாதம் பழமையானது. மும்பை மாகாணத்திலேயே அதற்கு விடை கூறப்பட்டிருக்கிறது. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் அளித்த மனுவில் ஜோதிராவ் புலே, உழவர்களின் உழைப்பிலிருந்து வரும் வரிப்பணம் மேல்தட்டினரின் உயர்கல்விக்குச் செலவாகிறது என்று சுட்டிக்காட்டி, பன்னிரண்டு வயது வரையிலாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கக் கோரினார். 1911இல் கோகலே இதற்கென ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில் 38க்கு 13 என்ற வாக்கில் அது தோற்கடிக்கப்பட்டது. நகராட்சிகளில் கட்டாயக் கல்வியை அனுமதிக்கும் சட்டம் 1918இல் விட்டல்பாய் படேலின் முயற்சியால் மும்பை மாகாணத்தில்தான் முதலில் நிறைவேறியது. அரசியல் சட்டத்தின் 45ஆவது பிரிவு பத்தாண்டுக் கெடு விதித்தது. அக்கெடு 1960இல் முடிந்தது. உரிமையாகச் சட்டம் நடைமுறைக்கு வர 2010 ஆயிற்று. இடையில் கடந்த ஐம்பதாண்டுகளில் நாடு அணு உலையும் கட்டியது, விண்கலமும் ஏவியது.

மைரன் வீனர் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1991இல் வெளியிட்ட இந்தியக் குழந்தைகளும் அரசும் பற்றிய நூலில், இந்தியாவின் குறைந்த வருமானம் இதற்குக் காரணம் அன்று என வாதிட்டார். இந்தியாவைவிட வறிய நிலையில் இருந்த நாடுகள் கட்டாயக் கல்வியை நிறைவேற்றின என்றும், உடலுழைப்பாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி தேவையில்லை என்ற இந்திய ஆளும் தட்டினரின் மனப்பான்மையே தடை என்றும் அவர் காட்டினார். அவர் மார்க்சியர் அல்லர். எனினும், அந்த மனப்பான்மைக்குப் பின்னுள்ள சாதியையும் வர்க்கத்தையும் நாம் எளிதில் இனங்காண முடியும்.

கியூபா 1961இல், புரட்சி முடிந்து இரண்டே ஆண்டுகளில், ஓராண்டு இயக்கத்தின் மூலம் ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்தது. கல்லாமை நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. கேரளத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்கக் கோரி, அய்யன்காளியின் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் வயலில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்கு மட்டுமன்றிப் பள்ளிக்காகவும் வேலைநிறுத்தம் செய்த அவ்வர்க்கத்தின் வாரிசுகளே 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையை உருவாக்கினர். அவ்வமைச்சரவையின் கல்வி மசோதாவே ஆதிக்க சக்திகளின் கடும் சினத்துக்கு இலக்காகி, 1959 ஜூலை 31இல் ஆட்சி கலைக்கப்பட முக்கியக் காரணமாயிற்று. பள்ளியைத் தொட்டால் அதிகாரத்தைத் தொட்டதாகும் என்பதை ஆளும் வர்க்கம் நன்கு அறியும்.

தமிழ்நாட்டின் அனுபவமும் பாடமானது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்தவை. அங்கே சத்துணவு பத்தாம் வகுப்பு வரை வழங்கப்படுகிறது. மத்திய அரசு எட்டாம் வகுப்பில் நிறுத்திய தட்டை ஒரு மாநிலம் மேலும் இரண்டு வகுப்புகளுக்கு நீட்டிக்க முடிந்தது. மகாராஷ்டிரத்தாலும், நாட்டிலேயே மிகுந்த நிதி வளம் கொண்ட மும்பை மாநகராட்சியாலும் அது ஏன் முடியாது?

கல்வி மட்டும் போதுமா?

போதாது. இதையும் தெளிவாகக் கூற வேண்டும். பத்தாம் வகுப்பு தேறிய இளைஞன் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியாகவும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் உணவு விநியோக ஊழியனாகவும் இதே தெருக்களில் அலைவதை நாம் காண்கிறோம். அண்ணன் படித்து என்ன கண்டான் என்று தம்பி கேட்கும் கேள்வி பொருளற்றது அன்று. பாதுகாப்பான வேலை இல்லாத பொருளாதாரத்தில் சான்றிதழ் மட்டும் வறுமையை ஒழிக்காது.

ஆகவேதான் குழந்தையின் கல்வியும் பெரியவரின் கூலியும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். உச்ச நீதிமன்றமே இத்தொடர்பை ஒருமுறை ஏற்றது. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பில், குழந்தையை வேலைக்கமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அக்குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும் அல்லது 5,000 ரூபாய் தன் பங்காகச் செலுத்த வேண்டும் என்றும் கூறியது. அதன் பின்னர் வந்த அரசுகள் தண்டத்தொகையை நினைவில் வைத்தன. பெரியவருக்கான வேலையை மறந்தன.

இன்று எதிர்த்திசையில் செல்லும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இடத்திலிருந்து, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளி இருக்கும் இடங்களில் விலக்களிக்க 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு விதிகளைத் திருத்தியது. 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. அந்த 25 விழுக்காடு நம் இறுதி இலக்கு அன்று. 1966இல் கோத்தாரி குழு பரிந்துரைத்த பொதுப்பள்ளி முறையும், கல்விக்குத் தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காடும் இன்றளவும் நிறைவேறவில்லை. அவற்றுக்கான போராட்டம் தொடர வேண்டும். ஆனால், கிடைத்த சிறு உரிமையைப் பறிக்க விடுவதும் கூடாது.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் எளியவை, எண்ணிக்கையிலும் குறைவானவை. கல்வி உரிமை பதினெட்டு வயது வரை சட்டமாக்கப்பட வேண்டும். எம் கிழக்கு வார்டின் மாநகராட்சிப் பள்ளிகளில், அவை எந்த மொழிவழிப் பள்ளிகளாயினும், ஒன்பதாம், பத்தாம் வகுப்புகள் அதே வளாகத்தில் திறக்கப்பட வேண்டும். காலை உணவும் மதிய உணவும் பத்தாம் வகுப்பு வரை வழங்கப்பட வேண்டும். குடும்பத் தொழில் விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட வேண்டும். கல்வியாண்டின் நடுவில் குடியிருப்புகளை இடிக்கக் கூடாது. புதிய இடத்தில் பள்ளி இயங்கத் தொடங்கும் முன் எந்தக் குடும்பத்தையும் அப்புறப்படுத்தக் கூடாது.

கட்சிக் கிளைகளின் பணி மாநகராட்சிக்கு மனு கொடுப்பதோடு முடியாது. ஒவ்வொரு கிளையும் தன் தெருக்களில் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலானோரின் பட்டியலைத் தயாரிக்கலாம். எட்டாம் வகுப்பில் யார் உள்ளனர், கடந்த ஆண்டு முடித்தவர் எங்கே சென்றனர், எந்தச் சிறுமி தண்ணீருக்காகவோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ நிறுத்தப்பட்டாள் என்பது அதில் இருக்க வேண்டும். சேர்க்கை நாட்களில் பெற்றோருடன் பள்ளிக்குச் செல்ல வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று எட்டாம் வகுப்பு வரை எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது என்பது சட்டம். 14ஆவது பிரிவைத் தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்ட விரோதக் குடியிருப்பு என்று கூறிக் குடிநீரை மறுக்கக் கூடாது என்று 2014 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கூறியதையும் அவர்கள் நினைவூட்ட வேண்டும். வீட்டுக்குக் குழாய் வந்தால் அந்தச் சிறுமியின் காலைப்பொழுது விடுதலை பெறும். தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் பள்ளியையும் சேர்க்க வேண்டும். மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் ஆசிரியர் சங்கங்களோடு பேச வேண்டும். ஒரு தெருவின் பட்டியல் கையில் இருந்தால், வார்டு அலுவலகத்தில் கோரிக்கையைப் பொதுவாகப் பேச வேண்டியதில்லை. இத்தனை குழந்தைகளுக்கு இந்த ஜூன் மாதத்தில் ஒன்பதாம் வகுப்பு எங்கே என்று எண்ணிக்கையோடு கேட்கலாம்.

அந்தக் கேள்விக்கு மாநகராட்சி விடை சொல்லும்வரை நாம் திரும்பி வரக் கூடாது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் முதல் பட்டியல்கள் தயாராகட்டும்.